முதல் இருபது நிமிஷம்

கோவை கணபதியில் லேத் பட்டறைகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு தெருவில், கேம்ஷாஃப்ட் கிரைண்டிங் மட்டுமே செய்யும் பட்டறை ஒன்று இருக்கிறது. போர்டு கிடையாது, தேவைப்பட்டவர்கள் விசாரித்து வந்துவிடுகிறார்கள். நான் போனபோது மேஜைமேல் வீ-பிளாக் இரண்டில் ஒரு பழைய ஃபியட் 1100 கேம்ஷாஃப்ட் படுத்திருந்தது. வால்வுகளைத் திறக்கும் எட்டு லோபில் ஏழு பளபளவென்று இருக்க, ஒன்றின் மூக்கு மட்டும் சொரசொரத்து மழுங்கியிருந்தது. பட்டறைப் பெரியவர் டயல் கேஜை வைத்து ஷாஃப்டை உருட்டிக் காட்டினார். மற்ற லோப்களில் முள் ஏறிய உயரத்தில் பாதிகூட இதில் ஏறவில்லை.

"ரேஸ் ஓட்டித் தேஞ்சதுன்னு நினைப்பீங்க. இது ஷெட்டுல நின்னே செத்த வண்டிங்க" என்றார்.

அந்தக் கால ஃபியட், அம்பாசடர் இன்ஜின்களில் கேம்ஷாஃப்ட் பிளாக்குக்கு உள்ளே, கிராங்குக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. கேம் பேரிங்குகளுக்குப் பம்பிலிருந்து பிரஷரோடு ஆயில் போகும். லோபும் அதன்மேல் ஏறி இறங்கி வால்வை இயக்கும் டேப்பட்டும் உரசும் இடத்துக்கு அப்படித் தனிவழி இல்லை. கிராங்க் சுழலும்போது பேரிங் ஓரங்களிலிருந்து சிதறும் ஆயிலும், மேலே ராக்கரை நனைத்துவிட்டு புஷ்ராடு வழியே இறங்கிவரும் ஆயிலும்தான் அதற்குக் கிடைப்பது. ஸ்லோவில் கிராங்க் நிமிஷத்துக்கு 800 சுற்று என்றால் கேமுக்கு அதில் பாதி, 400தான். சிதறலும் குறைவு, உரசும் இரண்டு முகங்களுக்கு நடுவே ஆயிலை இழுத்துவிடும் வேகமும் குறைவு. வால்வு ஸ்பிரிங்கின் முழு பாரமும் மூக்கின்மேல் உட்கார்ந்திருக்கும். வேகம் கூடும்போது நிலைமை மாறுகிறது. டேப்பட்டும் வால்வும் எகிறுகிற உந்தத்தை அடக்கவே ஸ்பிரிங்கின் பலத்தில் ஒரு பங்கு செலவாகிவிடுவதால் மூக்கின்மேல் விழும் பாரம் தணிகிறது. ஐந்தாயிரம் சுற்றில் அலறும் இன்ஜினில் தப்பிக்கும் கேம், ஸ்லோவில் முணுமுணுக்கும் இன்ஜினில் மாட்டிக்கொள்கிறது.

பழைய கார் வைத்திருப்பவர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஷெட்டுக்குள்ளேயே ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிஷம் ஸ்லோவில் விட்டு, திருப்தியோடு ஆஃப் செய்துவிடுவார்கள். வாரம் முழுக்க ஆயில் வடிந்து காய்ந்துபோன லோபின்மேல் வால்வு ஸ்பிரிங்கின் பாரம். ஆயிலும் சூடேறாததால், எரியாத பெட்ரோலும் ஈரமும் சம்ப்பில் தங்கி அதை நீர்க்க வைக்கின்றன. "ஓட்டுனா இருவது கிலோமீட்டர் ஓட்டுங்க. இல்லைன்னா கைய வைக்காதீங்க. எத்தனை பேருகிட்ட சொல்றதுங்க!" என்று சலித்துக்கொண்டார் பெரியவர்.

இந்த ஃபியட்டுக்கு சோழவரத்தில் ஓடிய சரித்திரம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக் வந்தது. இறக்குமதி முடங்கியிருந்த சோழவரம் காலத்தில், 1089 சிசி ஃபியட் இன்ஜினை வேகமாக ஓட வைக்க ஆசைப்பட்டவர்களுக்கு வெளிநாட்டு ரேஸ் கேம் எட்டாக்கனி. கையிலிருக்கும் கேமையே வேறு வடிவத்துக்கு அரைத்துக்கொள்வதுதான் வழி. கோவையிலும் சென்னையிலும் இந்தக் கைவேலை வளர்ந்தது அந்த நெருக்கடியால்தான் என்பது என் எண்ணம்.

அரைப்பதில் ஒரு தந்திரம் இருக்கிறது. மூக்கில் இரும்பைக் கூட்ட முடியாது. அதனால் லோபின் வட்டமான அடிப்பகுதியைச் சிறிதாக்குகிறார்கள். அடி இறங்கினால் மூக்கின் உயரம் தானாகக் கூடிவிடும். வால்வு அதிகமாகத் திறக்கும். ஆனால் இதற்கு விலை உண்டு. மூக்கு கூராகிறது, டேப்பட்டைத் தொடும் பரப்பு சுருங்குகிறது. ரேஸ் ஸ்பிரிங்கும் சேர்ந்தால் அந்த மெல்லிய கோட்டில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டிவிடும். வார்க்கும்போதே குளிரவைத்துக் கெட்டியாக்கிய மேல்தோல் எவ்வளவு ஆழம் என்பதையும் பார்க்க வேண்டும். அதைத் தாண்டி அரைத்துவிட்டால் உள்ளே இருப்பது மிருதுவான இரும்பு. டேப்பட் அதைச் சில மணி நேரத்தில் வழித்தெடுத்துவிடும்.

மெஷின் பழையது. ஒரு முனையில் மாஸ்டர் கேம். அதன்மேல் ஒரு ரோலர் ஏறி இறங்க, வேலைக்குரிய ஷாஃப்டும் அதே தாளத்தில் கல்லை நோக்கி ஆடுகிறது. கூலண்ட் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. பெரியவர் ஒரு தடவைக்கு அரைத் தவ், அதாவது அங்குலத்தை இரண்டாயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு, அதற்குமேல் இறக்கவில்லை. அவசரப்பட்டால் கல் சூட்டில் லோபின் தோல் நீலம் பாரித்துக் கெட்டித்தன்மை போய்விடுமாம். காது கல்லின் சத்தத்திலேயே இருந்தது. நடுவில் நான் கேட்ட கேள்விக்குப் பதில், மெஷினை நிறுத்திய பிறகுதான் வந்தது.

பக்கத்தில் ஐடிஐ முடித்த பையன் டேப்பட்டுகளின் அடிமுகத்தை அரைத்து, எண் எழுதிய முட்டை அட்டையில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான். எந்த டேப்பட் எந்த லோபோடு ஓடுகிறதோ கடைசிவரை அதனோடுதான் ஓட வேண்டும். மாற்றிப்போட்டால் இரண்டும் போகும். புதிதாக அரைத்த கேமில் பழைய முகத்தோடு டேப்பட்டைப் போடுவதும் கூடாது. பையன் இரண்டு டேப்பட்டுகளை முகத்தோடு முகம் சேர்த்து ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தான். நடுவில் ஒட்டி, ஓரங்களில் மட்டும் வெளிச்சம் மெலிதாகக் கசிந்தது.

"தட்டைன்னு பேருதாங்க, ஆனா தட்டை இல்லை" என்றான். முகம் நடுவில் ஒரு துளி புடைத்திருக்கிறது. லோபிலும் கண்ணுக்குத் தெரியாத சரிவு இருக்கிறது. இரண்டும் சேர்ந்து டேப்பட்டை மேலும் கீழும் போகும்போதே தன்னைத்தானே சுழல வைக்கின்றன. சுழன்றால் தேய்மானம் முகம் முழுக்கப் பரவும், புது ஆயிலும் உள்ளே வரும். சுழல்வது நின்ற டேப்பட் ஒரே இடத்தில் பள்ளம் பறித்துக்கொள்ளும். மாருதி 800 வந்த பிறகு பொதுவாக கேம் பிளாக்கை விட்டு ஹெட்டுக்கு ஏறிவிட்டது. அந்தத் தலைமுறை மெக்கானிக்குகளுக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை, அதனால் தெரியவும் தெரியாது. இந்தப் பையனுக்குத் தெரிந்திருப்பது எனக்கு ஆச்சரியம்தான்.

ஆயில் விஷயத்துக்கு வந்தால் பட்டறைக்குப் பட்டறை ஒரு சித்தாந்தம். அடிப்படை இதுதான்: துத்தநாகமும் பாஸ்பரஸும் கந்தகமும் கலந்த சிங்க் டைதயோபாஸ்பேட் வகைச் சேர்மம் 1940களில் ஆயிலுக்குள் வந்தது. முதலில் பேரிங் அரிக்காமலும் ஆயில் கெடாமலும் இருக்கத்தான் சேர்த்தார்கள். சூட்டிலும் உரசலிலும் அது இரும்பின்மேல் மெல்லிய பாஸ்பேட் படலமாகப் படிந்து, ஆயில் விலகிப்போன நொடியிலும் உலோகத்தை உலோகம் தொடாமல் காக்கிறது என்பது பிறகு தெரிந்தது. அதே பாஸ்பரஸ் புகையோடு போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பாழாக்கும். 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்கு கன்வெர்ட்டர் கட்டாயமானது. 2004இல் அமெரிக்காவில் வந்த எஸ்.எம். தரம், மெல்லிய ரக ஆயில்களில் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் அடக்கியது. தட்டை டேப்பட்டுக்குப் பதில் ரோலர் வைத்த புது இன்ஜின்களுக்கு அது போதும். கன்வெர்ட்டரே இல்லாத பழைய ரேஸ் ஃபியட்டுக்குப் போதாது.

பெரியவரின் தேர்வு 20-50 கனரக ஆயில், அதுவும் துத்தநாக அளவைத் தயாரிப்பாளர் வெளியிட்டிருந்தால்தான். கிடைக்காவிட்டால் பழைய தரத்து லாரி ஆயில். பாட்டிலில் விற்கும் சிங்க்கை வாங்கிக் கண்மண் தெரியாமல் ஊற்றுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. அளவு மீறினால் அதுவே உலோகத்தை அரிக்கத் தொடங்கிவிடும்.

கேம் இன்ஜினுக்குள் ஏறியது சிங்காநல்லூர் பக்கம் இன்னொரு கராஜில். மெக்கானிக் அண்ணன் லோப் ஒவ்வொன்றிலும் கரிய மோலி பேஸ்ட்டை விரலால் அப்பினார். பேரிங் இடங்களில் அதைத் தடவவில்லை, அங்கே வெறும் ஆயில்தான். ரேஸ் இன்ஜின் என்பதால் வால்வுக்கு இரட்டை ஸ்பிரிங். உள் ஸ்பிரிங்குகளை மட்டும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிட்டார். புது கேம் படியும்வரை பாரம் குறைவாக இருக்கட்டும் என்று.

பிறகு தோட்டத்துக்கு மருந்தடிக்கும் கை ஸ்பிரேயர் ஒன்று வந்தது. புதிது, மருந்தே படாதது. அதில் இளஞ்சூடாக்கிய ஆயிலை ஊற்றி, நாசிலுக்குப் பதில் ஹோஸை ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் துளையில் மாட்டினார். கேமோடு வந்திருந்த ஐடிஐ பையன் பம்ப் அடிக்க, அண்ணன் கிராங்கை ஸ்பானரால் மெல்லத் திருப்ப, ராக்கர்களில் ஒவ்வொன்றாக ஆயில் துளிர்த்தது. கடைசி ராக்கர் நனையும்வரை அடித்தார்கள். பற்றவைப்பு டைமிங்கை முன்பே வைத்து, கார்பரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோலும் ஊற்றியாகிவிட்டது. செல்ஃப் அடித்து அடித்து இழுக்கும் ஒவ்வொரு சுற்றிலும் பேஸ்ட் வழிந்து போகும் என்பதால், முதல் உதையிலேயே இன்ஜின் பிடிக்க வேண்டும்.

பிடித்தது. அண்ணன் ஸ்லோவில் விடவே இல்லை. நேராக இரண்டாயிரத்துக்கு மேலே ஏற்றினார். ரேடியேட்டர் முன்னால் பெடஸ்டல் ஃபேன். இருபது நிமிஷம், இரண்டாயிரத்துக்கும் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் நடுவே ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தார். மார்க்கரால் புள்ளிவைத்த புஷ்ராடுகள் சுழல்வதை, ஆயில் முகத்தில் தெறிப்பதைப் பொருட்படுத்தாமல் பையன் எட்டிப் பார்த்து எண்ணினான். "எட்டும் சுத்துதுங்ணா!"

ஆறவிட்டு ஆயிலை வடித்தார்கள். பேஸ்ட் கலந்து கறுப்பாக வந்தது. ஃபில்டரை அறுத்து மடிப்பு மடிப்பாக விரித்து, காந்தத்தை ஓட்டிப் பார்த்தார் அண்ணன். பிறகு ஃபீலர் கேஜ். ஒரு வால்வின் இடைவெளி மட்டும் கூடியிருந்தால் அந்த லோப் கரையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். எட்டிலும் வைத்த அளவு அப்படியே இருந்தது. கார்க்காரர் செட்டிபாளையம் டிராக்குக்கு எப்போது கொண்டுபோகலாம் என்று கேட்டார். "உள் ஸ்பிரிங் மாட்டோணும், ஐநூறு கிலோமீட்டர் ரோட்டுல ஓட்டோணும், திரும்ப ஆயில் மாத்தோணும். அப்புறம் பேசலாமுங்க" என்றபடி அண்ணன் அடுத்த வண்டியின் பானெட்டைத் திறந்தார்.