சிந்தெட்டிக்கா, சாதாவா?

மதுரைப் பட்டறைகளில் ஆயில் மாற்ற வண்டியை விடுகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: சாதா ஆயில் போதுமா, சிந்தெட்டிக் ஊற்றிவிடலாமா? விலையில் ஏறக்குறைய இரு மடங்கு வித்தியாசம் இருப்பதால், கூடக் கொடுத்தால் இன்ஜின் கூடுதல் காலம் வரும் என்ற நம்பிக்கை அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. 100, 125 சிசி வண்டிக்கு, இந்த ஊர் ஓட்டத்துக்கு, சரியான கிரேடில் உள்ள மினரல் ஆயிலே போதும் என்பது என் முடிவு. மிச்சமாகும் பணத்தில் ஆயிலை இன்னும் சீக்கிரம் மாற்றலாம், ஏர் ஃபில்டரும் வாங்கலாம். சிந்தெட்டிக் மட்டமான சரக்கு என்று நான் சொல்லவில்லை. அதன் திறமைகளில் பெரிய பகுதிக்கு இங்கே வேலை இல்லை. நம் இன்ஜின்களில் ஆயிலைக் கெடுக்கிற காரணங்களோ எந்த ஆயிலையும் ஒரே மாதிரிதான் கெடுக்கின்றன.

டப்பாவின் மேல் உள்ள எண்ணிலிருந்து தொடங்கலாம். 10டபிள்யூ-30 என்பதில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கிறது. 10டபிள்யூ ஆயிலை மைனஸ் 25 டிகிரியிலும், 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும் வைத்து, அந்தக் குளிரில் இன்ஜினைச் சுற்ற விடுகிற அளவுக்கு இளக்கமாக இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். சிந்தெட்டிக் மினரலைத் தெளிவாக வெல்லும் இடம் இதுதான். லடாக்கில் வண்டி ஓட்டுகிறவருக்கு அது உயிர் காக்கும். மதுரையில் மார்கழி விடியலில்கூட 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். அந்தக் குளிர்த் திறமைக்கு இங்கே வேலை இல்லை. இரண்டாவது எண்ணான 30, ஆயில் 100 டிகிரியில் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது: 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்குக்குள். மினரலானாலும் சிந்தெட்டிக்கானாலும் அந்த எண் போட்ட டப்பா அதே எல்லைக்குள்தான் வர வேண்டும். சூடான இன்ஜினில் கேமுக்கும் ராக்கருக்கும் நடுவே நிற்கிற படலத்துக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே கனத்தைத்தான் கொடுக்கின்றன.

சிந்தெட்டிக் என்ற பெயரைப் பற்றியும் வாடிக்கையாளர் தெரிந்துகொள்ள வேண்டும். பல வருடங்களாக அது ஆலையில் மூலக்கூறு மூலக்கூறாகக் கட்டிய பிஏஓ, எஸ்டர் வகை ஆயில்களை மட்டுமே குறித்தது. 1999இல் அமெரிக்காவில் காஸ்ட்ரால் விளம்பரத்தை எதிர்த்து மொபில் முறையிட்டபோது, விளம்பரங்களைத் தணிக்கை செய்யும் அங்குள்ள அமைப்பு காஸ்ட்ராலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கச்சா எண்ணெயிலிருந்தே ஹைட்ரஜன் கொண்டு கடுமையாகச் சுத்திகரித்து எடுக்கும் மூன்றாம் பிரிவு ஆயிலையும் சிந்தெட்டிக் என்று விற்கலாம் என்றானது. இன்று கடையில் இருக்கிற பல டப்பாக்களில் உள்ளது அந்த வகைதான். நல்ல ஆயில்தான், ஆனால் மினரலுக்கும் அதற்கும் உள்ள தூரம் விலை காட்டுகிற அளவுக்கு இல்லை.

இங்கே ஆயிலைக் கெடுப்பது எது? முதலில் புழுதி. ஊரைச் சுற்றிச் செங்கல் சூளை, கோடையில் வறண்டு கிடக்கிற வைகை, தோண்டிப் போட்ட சாலைகள். அந்தப் புழுதியில் உள்ள மணல்துகள் சிலிண்டரின் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. கிழிந்த ஏர் ஃபில்டர் வழியாக உள்ளே போனால் ரிங்குக்கும் சிலிண்டருக்கும் நடுவே அரைத்துவிட்டு ஆயிலில் போய்ச் சேர்கிறது. ஸ்ப்ளெண்டர் வகை இன்ஜினில் மாற்றுகிற மாதிரி பேப்பர் ஆயில் ஃபில்டர் கிடையாது. ஒரு கம்பிவலையும், கிராங்கோடு சுற்றி அழுக்கை ஓரம் ஒதுக்குகிற ரோட்டரும்தான் இருக்கின்றன. சன்னமான துகள் ஆயிலோடேயே சுற்றிக்கொண்டிருக்கும், டிரெயின் போல்ட்டைத் திறந்தால்தான் வெளியேறும். அடுத்தது கரியும் பெட்ரோலும். வீட்டிலிருந்து மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து பள்ளிக்கூடம் என்று இரண்டு கிலோமீட்டர் ஓட்டங்களில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் அணைந்துவிடுகிறது. எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் தங்குகின்றன. மூன்றாவது, அளவு குறைவது. இந்த இன்ஜின்களில் மொத்த ஆயிலே ஒரு லிட்டரை ஒட்டித்தான். அதில் 300 மில்லி எரிந்து போனால் மீதி ஆயில் இன்னும் வேகமாகச் சுற்றி, இன்னும் சூடாகி, இன்னும் அழுக்கைச் சுமக்கிறது. பட்டறைக்கு வருகிற கேம் தேய்மானத்துக்கும் ஜாமான பிஸ்டனுக்கும் பின்னால் நான் முதலில் தேடுவது ஆயில் வற்றியதா என்பதைத்தான். எந்த பிராண்ட் என்று கேட்பது அதற்கப்புறம். இந்த மூன்றில் எதையும் விலை கூடிய ஆயில் தடுப்பதில்லை.

ஆயிலின் விலையைவிட அதை மாற்றுகிற பழக்கமே பெரிது என்பது டிவிஎஸ் எக்ஸ்எல் வைத்திருப்பவர்களிடம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸ்எல்லில் 2டி ஆயிலைப் பெட்ரோலோடு கலந்து ஊற்றுவார்கள், அது எரிந்து போய்விடும். 2015இல் வந்த எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக். அதில் ஆயில் உள்ளேயே இருக்கிறது, மாற்ற வேண்டியிருக்கிறது. வாழைத்தாரும் பால் கேனும் ஏற்றி மெதுவாகப் போகிற வண்டிக்கு அந்தப் புதுப் பழக்கம் வருவதுதான் முக்கியம்.

வெயில்தான் சிந்தெட்டிக்குக்குக் காரணம் என்பார்கள். வலுவான வாதம்தான். பொதுவாகச் சூடு பத்து டிகிரி ஏறினால் ஆயில் ஆக்ஸிஜனோடு சேர்ந்து கெடுகிற வேகம் இரு மடங்காகும். டிசம்பர்ப் பகலுக்கும் அக்னி நட்சத்திரப் பகலுக்கும் மதுரையில் ஏறக்குறைய அந்த வித்தியாசம் இருக்கிறது. கோரிப்பாளையத்திலோ சிம்மக்கல்லிலோ நெரிசலில் நிற்கும்போது ஏர்கூல்டு இன்ஜினுக்குக் காற்றும் கிடையாது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏபிஐ எஸ்என் என்று எழுதிய ஆயில், மினரலானாலும், 150 டிகிரியில் 100 மணி நேரம் ஓடுகிற இன்ஜின் சோதனையைத் தாண்டித்தான் அந்த எழுத்தைப் பெறுகிறது. 3,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயிலை மாற்றுவதாக வைத்தால், மணிக்குச் சராசரி 25, 30 கிலோமீட்டர் வேகத்தில் அது 100 முதல் 120 மணி நேரம். நம் வண்டியின் சம்ப்பில் வழக்கமான சூடு அந்தச் சோதனையைவிட எவ்வளவோ குறைவு. அந்தக் காலத்துக்குள் மினரல் ஆயில் வெயிலால் மட்டும் தோற்றுப்போவதில்லை. வெயிலுக்குப் பயந்து 10டபிள்யூ-30 கேட்கிற இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றுவதைத்தான் நான் கண்டிப்பேன். சின்ன பம்ப், குறுகிய ஆயில் வழி. கெட்டி ஆயில் ஸ்டார்ட் செய்தவுடன் ஹெட்டுக்கு ஏறத் தாமதமாகும்.

சிந்தெட்டிக் என்றால் இரண்டு மடங்கு தூரம் ஓட்டலாமே, அப்போது விலை சமமாகிவிடுமே என்பது அடுத்த கேள்வி. காரில் இது செல்லும். அங்கே நான்கு லிட்டர் ஆயிலும் நல்ல ஃபில்டரும் உண்டு. பைக்கில் ஆயில் நன்றாக இருந்தாலும் அதில் சேர்ந்த புழுதியும் கரியும் அப்படியே இருக்கின்றன. அளவும் குறைந்துகொண்டே போகிறது. நடுவில் ஆயில் கேஜைப் பார்க்கிறவர்கள் மிகச் சிலர். பார்க்கிறவர்களிலும் பலர் திருகி மூடி அளக்கிறார்கள். ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளில் நேராக நிறுத்தி, திருகாமல் உள்ளே விட்டு எடுத்தால்தான் சரியான அளவு தெரியும்.

சிந்தெட்டிக் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும் என்பது பொய். வழுக்குவது கார் ஆயிலை ஊற்றினால், இல்லை டப்பாவில் ஜாசோ எம்பி என்று போட்டதை கியர் வண்டிக்கு ஊற்றினால். நம் கிளட்ச் பிளேட்டுகள் ஆயிலிலேயே முங்கிக் கிடப்பதால் எம்ஏ அல்லது எம்ஏ2 வேண்டும், எம்பி ஸ்கூட்டருக்கு.

சிந்தெட்டிக்குக்கு இங்கேயும் ஓர் இடம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பைக்கில் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே ஆயிலைப் பகிர்கின்றன. சூட்டில் இளகாமல் இருக்க ஆயிலில் சேர்க்கிற பாலிமரை கியர் பற்கள் நறுக்குகின்றன. கிரேடு மெல்ல இறங்கி, கியர் கடிக்க ஆரம்பிக்கும். நல்ல சிந்தெட்டிக்கில் அந்தப் பாலிமர் குறைவாகவே தேவைப்படுவதால் கிரேடு நிலைத்து நிற்கிறது. 10,000 சுற்றில் உச்ச சக்தி தருகிற ஆர்15, சூடு தள்ளுகிற டியூக், காலை முதல் இரவு வரை அணைக்காமல் ஓடுகிற டெலிவரி வண்டி, இவற்றுக்கு மேனுவல் சொல்லும் கிரேடில் சிந்தெட்டிக் ஊற்றுவதை நானே சொல்வேன். டெலிவரி வண்டிக்கு மீட்டரை மட்டும் நம்பவும் கூடாது. சிக்னலில் நின்றபடி ஓடிய மணிநேரம் அதில் ஏறுவதில்லை.

என் வாதத்துக்கு எதிராக எனக்கே கனமாகப் படுவது ஒன்றுதான்: சீக்கிரம் மாற்றினால் கழிவு ஆயில் கூடுகிறது. இதற்குத் தப்பிக்கிற பதில் என்னிடம் இல்லை. இறக்கிய ஆயிலைச் சென்ட்ரிங் பலகையில் பூசவும், கரையானுக்கு மரத்தில் அடிக்கவும் வாங்கிப் போகிறார்கள். மீதி சாக்கடைக்குப் போகிறது. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரமான கழிவு, அங்கீகாரம் பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்குத்தான் போக வேண்டும். சீக்கிரம் மாற்றச் சொல்கிற பட்டறை ஒரு மூடிய பீப்பாயும் வைத்திருக்க வேண்டும், அதில் தண்ணீரோ பெட்ரோலோ கலக்காமல் சேர்க்க வேண்டும், யாருக்குக் கொடுத்தோம் என்று எழுதி வைக்க வேண்டும். காலி டப்பாவை வாடிக்கையாளர் கண்முன்னே ஓட்டை போட்டுக் கொடுத்தால் அதில் போலி ஆயில் நிரப்பி விற்கவும் வழியிருக்காது.