காகிதபுரத்து உருளைகள்

கரூர்ச் சீமையில் காகிதபுரம் என்றே ஓர் ஊர் இருக்கிறது, நேயர்களே! தமிழக அரசு 1979-ல் நிறுவிய கம்பெனியின் ஆலை அங்கே கரும்புச் சக்கையைக் காகிதமாக்குகிறது.

அனுமதி பெற்று உள்ளே போனால், யந்திரத்தில் தாள் உலரும் இடத்தை அவசியம் பாருங்கள். காகித யந்திரத்தில் நன்றாகப் பிழிந்த பிறகும் தாளின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர்தான். வரிசையாகச் சுழலும் பெரிய இரும்பு உருளைகளின் மேல் அது ஏறி இறங்கி, நூற்றுக்கு ஐந்து பங்கு ஈரத்துடன் வெளியே வருகிறது. உருளைகளுக்குள்ளே இருப்பது நீராவி!

இட்லிப் பானையைத் திறக்கையில் ஆவி பட்டால், கொதிநீரைவிடச் சுரீரென்று சுடுமல்லவா? நீராக மாறும் கணத்தில் ஆவி தன் வெப்பத்தையெல்லாம் கொட்டிவிடுகிறது. தாளை உலர்த்துவது அந்த வெப்பந்தான்.

ஆனால், அப்படிப் பிறந்த நீரே பிறகு விரோதியாகிவிடுகிறது! உருளை சுழலும் வேகத்தில் அது உட்சுவரெங்கும் ஏடுபோல் ஒட்டிக்கொண்டு வெப்பத்தை மறிக்கிறது. ஆகவே, உள்ளே ஒரு குழாய் அதை ஓயாமல் உறிஞ்சி வெளியேற்றுகிறது. குழாய் சற்று அசந்தால் எரிபொருளும் வீண், தாளும் ஈரம்!

எல்லாவற்றிலும் சிக்கனம், ஆவியைச் செலவிடுமுன் தாளை ஒட்டப் பிழிவதே. புடைவையைப் பிழிந்து கொடியில் போடும் உங்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டுமா, என்ன?