குழுவை விட்டுப் போனவரின் முதல் இசைத்தட்டு



இறையியல் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழர் வைத்திருந்த ஒலிநாடாக்களுள் ஒன்று பீட்டர் கேப்ரியல் என்னும் ஆங்கிலேயப் பாடகருடையது. ராக் இசை போதகருக்குரியதா என்று உங்களில் சிலர் புருவத்தை உயர்த்தலாம். அன்று நானும் உயர்த்தினேன். பிறகு நண்பர் உறங்கியபின் நானே போட்டுக் கேட்டேன். இந்த வாரம் அந்த இசைத்தட்டு மீண்டும் நினைவுக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

சார்ட்டர்ஹவுஸ் என்னும் இங்கிலாந்துப் பள்ளியில் உடன்படித்த நண்பர்கள் சேர்ந்து 1967-இல் தொடங்கிய குழு ‘ஜெனிசிஸ்’. ஆதியாகமத்தின் ஆங்கிலப் பெயர்தான். கேப்ரியல் அதன் பாடகர். விந்தையான முகமூடிகளும் உடைகளும் அணிந்து மேடையில் கதை சொல்லுகிறவர். 1974-ஆம் ஆண்டின் கோடையில், குழு வேல்ஸ் நாட்டுப்புறத்தில் ஓர் இரட்டை இசைத்தட்டுக்காக உழைத்துக்கொண்டிருந்தபோது, அவருடைய முதற்குழந்தை பெரும் இடரோடு பிறந்து, லண்டன் மருத்துவமனையில் அடைகாப்புப் பெட்டியில் உயிருக்குப் போராடிற்று. தந்தை மருத்துவமனைக்கும் ஒலிப்பதிவுக்குமாக அலைந்தார். வேலை தாமதமாகிறதென்று தோழர்கள் முகம் சுளித்தார்கள். அவர்கள் கொடியவர்கள் அல்லர். இருபது வயதைச் சிறிது கடந்த இளைஞர்கள். தாங்கள் அன்று துணைநிற்கவில்லை என்று பின்னாளில் ஒப்புக்கொள்ளவும் செய்தார்கள்.

அந்த ஆண்டின் நவம்பரில், அமெரிக்கப் பயணத்தின் தொடக்கத்திலேயே, தாம் விலகப்போவதை அவர் தோழர்களுக்குத் தெரிவித்துவிட்டார். ஆயினும் உடனே போய்விடவில்லை. குழுவுக்குக் கடன் இருந்தது. எனவே 1975 மே மாதம்வரை, ஏறத்தாழ நூறு மேடைகளில், போகப்போகிறவர் என்பதை வெளியில் சொல்லாமல் பாடி முடித்தார். இந்த ஆறு மாதங்களைப்பற்றி யாரும் பாட்டு எழுதவில்லை. எனக்கோ, அவருடைய வாழ்க்கையில் மிகவும் பிடித்த பகுதி இதுவே.

பின்பு வீட்டிலிருந்தார், காய்கறி பயிரிட்டார். குழுவோ பல பாடகர்களைச் சோதித்துப் பார்த்துவிட்டு, தாளக் கருவி வாசித்துக்கொண்டிருந்த ஃபில் காலின்ஸையே முன்னே நிறுத்தியது. 1976-இல் வெளிவந்த அவர்களுடைய அடுத்த இசைத்தட்டு, கேப்ரியலோடு செய்த கடைசித் தட்டைவிட இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் மேலே ஏறியது. தாம் இல்லாமலே தாம் கட்டிய வீடு செழிப்பதைக் காண்பது எளிதான காரியமன்று. அதை ஊழியத்தில் இருப்பவர்களும் அறிவோம்.

1977 பிப்ரவரியில் அவருடைய முதல் தனி இசைத்தட்டு வந்தது. தலைப்பு கிடையாது, அவர் பெயரே தலைப்பு. உண்மையைச் சொன்னால் அது சீரான தட்டு அன்று. ஒரு பாடல் பழங்காலத்து நால்வர் குரலிசையோடு தொடங்குகிறது, இன்னொன்றில் வாத்தியக்குழு முழுவதும் முழங்குகிறது. வெள்ளத்தைப் பற்றிய கடைசிப் பாடல் அளவுக்கு மீறி அலங்கரிக்கப்பட்டதென்று அவரே கருதி, பிற்பாடு எளிமையாக மறுபடியும் பாடினார். எட்டு ஆண்டுகள் ஒரே கூட்டத்தோடு நடந்தவன் தனியே நடக்கையில் கால்கள் எந்தப் பக்கம் போவதென்று தடுமாறுவது இயல்பே.

ஆனால் அதில் ‘சோல்ஸ்பரி ஹில்’ என்னும் பாடல் இருக்கிறது. பாத் நகரத்தருகே உள்ள ஒரு சிறு குன்றின் பெயர் அது. இரவில் அக்குன்றின்மேல் நிற்கும் ஒருவன், பழகியதை விட்டுவிடத் துணிவதைப் பற்றியது பாடல். நம் மிஸ்ர சாபுபோல ஏழு எண்ணிக்கையில் நடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அடி குறைவதாகச் செவிக்குத் தோன்றும். அதில் வசைமொழி இல்லை. விட்டுவந்த தோழர்மேல் ஒரு கல்லும் எறியப்படவில்லை.

இப்போது காரணத்தைச் சொல்லுகிறேன். எட்டு ஆண்டுகளுக்குமுன், நம் பாடகர் குழுவை நெடுங்காலம் நடத்திய சகோதரர் ஒரு ஞாயிறு மாலை என் அறைக்கு வந்து, “ஐயா, இனி என்னால் இயலாது, வீட்டில் என் தேவை அதிகமாக இருக்கிறது” என்றார். கிறிஸ்து பிறப்பு ஆராதனைக்கு ஏழு வாரங்களே இருந்தன. வீட்டில் என்ன என்று நான் கேட்கவில்லை. கலப்பையின்மேல் கைவைத்துத் திரும்பிப் பார்ப்பவனைப்பற்றிய வசனத்தை அவருக்கு நினைவூட்டினேன். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். அந்த ஏழு வாரமும் வந்து பயிற்சி கொடுத்து, ஆராதனையை நடத்தி முடித்துவிட்டே போனார். பம்பிலியாவிலிருந்து திரும்பிப்போன மாற்குவைப்பற்றி நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். பவுல் பிற்காலத்தில் அவனை அழைத்துவரும்படி எழுதியதையும் சொல்லியிருக்கிறேன். என் வாசலில் நின்றவர் மாற்கு என்பதைமட்டும் காணவில்லை.

கேப்ரியலின் கதை 1977-உடன் முடிவதில்லை. 1982-இல் பல நாட்டு இசைஞரையும் ஒன்றுகூட்டி அவர் முன்னின்று நடத்திய ‘வோமாட்’ விழா அவரைக் கடனில் ஆழ்த்திற்று. அப்போது உதவிக்கு வந்தவர்கள் அந்தப் பழைய தோழர்களே. அக்டோபர் 2-ஆம் நாள், மில்ட்டன் கீன்ஸ் திறந்தவெளியில், கொட்டும் மழையில், அவரோடு மீண்டும் ஒரே ஒரு முறை மேடையேறி, அந்தக் கடனை அடைக்க உதவினார்கள். அவர் சவப்பெட்டிக்குள் கிடந்தபடி மேடைக்குச் சுமந்துவரப்பட்டாராம். விளையாட்டுத்தான், ஆயினும் படிக்கும்போதெல்லாம் என் மனம் சற்றே நின்றுவிடுகிறது.

சென்ற மாதம் என் தாயாரின் அடக்க ஆராதனையில், பாடகர் வரிசையின் கடைசியில் ஒரு கனத்த குரல் கேட்டது. திரும்பிப் பாராமலே யாரென்று தெரிந்தது. அழைக்கப்படாமல் வந்து, பாடிவிட்டு, என் கையைப் பிடித்துவிட்டுச் சென்றார்.

இதை வெளியிடுமுன் அவருக்குத் தொலைபேசியில் முழுவதும் வாசித்துக் காட்டி, எட்டு ஆண்டுகள் தாமதமாக மன்னிப்பும் கேட்டேன். நெடுநேரம் அவர் பேசவில்லை. பின்பு, “மகளைப்பற்றி எழுதியிருக்கும் இரண்டு வரிகளைமட்டும் எடுத்துவிடுங்கள், ஐயா” என்றார். எடுத்துவிட்டேன்.