குழாயை நகர்த்திய கதை

கொஞ்சம் நாற்றம் பிடித்த பதிவு. சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் அப்புறம் வாருங்கள் :)

கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டுச் சமையலறையைப் பின்பக்கம் நீட்டலாம் என்று போன வருடம் முடிவானது. அஸ்திவாரம் தோண்டினால் குறுக்கே கக்கூஸ் குழாய். அதைப் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டுபோய்ப் பழைய செப்டிக் டேங்கிலேயே சேர்க்க வேண்டும். எங்கள் தெருவில் பாதாள சாக்கடை கிடையாது. "எதுக்குடா சுத்தி வளைச்சு... தெரு மழைநீர்க் கால்வாயில விட்டுடுங்க" என்றார் பக்கத்து வீட்டு மாமா. அப்பா ஒரு முறை முறைத்தார், அவ்வளவுதான்.

அப்பாவுக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. அதனால் மேற்பார்வை என் தலையில். பி.காம் படிக்கிற பையன், கணக்குப் பார்ப்பான் என்ற நம்பிக்கை. நன்றாகவே பார்த்தேன்!

பிளம்பர் அண்ணன் தந்த சீட்டில் 4 அங்குல பி.வி.சி. குழாய், மூலையில் திரும்ப 45 டிகிரி பெண்டு இரண்டு, அங்கேயே மூடி போட்ட ஒரு சேம்பர். நான் சேம்பரை அடித்துவிட்டு, இரண்டு பெண்டுக்குப் பதில் ஒரே எல்போ என்று எழுதினேன். மிச்சம் நாலாயிரத்துச் சொச்சம். "வேணாம் தம்பி" என்றார். நான் கேட்கவில்லை. வாட்டத்தில் மட்டும் அவர் இம்மிகூட விட்டுக்கொடுக்கவில்லை. 40 அடிக்கு 1 அடி இறக்கம், எங்கள் 20 அடிக்கு 6 அங்குலம். டியூபில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையிலும் மட்டம் பார்த்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து ரசித்தேன்.

மூன்றே மாதம். அடைத்துக்கொண்டது. மூட்டுவலிக்கார ஆயா பக்கத்து வீட்டுக்கு நடக்க ஆரம்பித்தார்.

அடைப்பு எடுக்க வந்தவர் சுற்றிப் பார்த்தார். "நடுவுல திறப்பே இல்லையே... டேங்க் பக்கமிருந்துதான் குத்தணும். ஐந்நூறு கொடுத்தா ஒரு ஆள் உள்ளே இறங்குவான்."

எங்கள் ரயில் பாதையில்தான் மீஞ்சூர் இருக்கிறது. 2023 மே மாதம் அங்கே ஒரு செப்டிக் டேங்க் வேலையில் இரண்டு தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி இறந்துபோனார்கள். தொட்டிக்குள் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய், வாசனையே தெரியாது. நாற்றம் போய்விட்டதே என்று நினைக்கிற நேரம்தான் ஆபத்தான நேரம். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்கச் சொல்லி 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

இதெல்லாம் எனக்கு அப்புறம் தேடிப் படித்துத் தெரிந்தது. அந்த நிமிஷத்தில் தெரிந்தது ஒன்றுதான். அந்த ஐந்நூறு ரூபாய் ஆள் தேவைப்பட்டதற்குக் காரணம், நான் பேனாவால் போட்ட ஒரு கோடு.

"யாரும் இறங்க வேண்டாம்" என்றார் அப்பா. சீட்டை யார் திருத்தினது என்று அவர் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை.

பழைய பிளம்பர் அண்ணனையே கூப்பிட்டோம். புதுத் தரையை உடைத்தார். அடைப்பு அந்த எல்போவிலேதான். இரண்டு பெண்டு, செங்கல் சேம்பர், பூச்சு எல்லாம் சேர்த்துப் பதினோராயிரம். இனி அடைத்தால் மூடியைத் திறந்து மேலிருந்தே கம்பி விடலாம்.

அந்த மூடியின் மேல் இப்போது அம்மா துளசித் தொட்டியை வைத்திருக்கிறார். எடுக்கச் சொல்லி ஒரு வாரமாகச் சண்டை.