மேலே மேற்கு, கீழே கிழக்கு

அரியலூரிலிருந்து கீழப்பழுவூர் வழியாகத் திருமழபாடிக்குப் பேருந்தில் போனேன். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள். கிரெட்டேசியஸ் காலத்தில் இந்த வட்டாரம் கடலடியில் கிடந்தது. அந்தக் கடலின் சேறும் சிப்பியும் இறுகிய கல்தான் இன்று சிமென்ட் ஆலைக்குப் போகிறது.

வைத்தியநாதரைத் தரிசித்துவிட்டு ஆற்றுக்கு வந்தேன். மேட்டூர் நிரம்பியிருந்ததால் கொள்ளிடத்தில் நல்ல தண்ணீர். கிழக்கே போகும் ஆறு இங்கே வடக்கே திரும்புகிறது. ஓட்டத்தை அளப்பவர்கள், மேலிருந்து ஆழத்தில் பத்தில் ஆறு பங்கு கீழே மீட்டரை இறக்குவார்கள். ஏறக்குறைய சராசரி வேகம் கிடைத்துவிடும். அடியில் மணல் தடுத்து வேகம் குறையுமே தவிர, ஓட்டம் பொதுவாக எதிர்த்திசைக்கு மாறாது.

நான் படித்துவரும் நிலநடுக்கோட்டுக் கடலில் இந்தக் கணக்கு செல்லாது. பூமியின் சுழற்சி நீரை ஒதுக்கும் விளைவு அங்கே இல்லை; காற்று தள்ளிய திசையிலேயே மேல்நீர் ஓடும். இந்தியப் பெருங்கடலில் பிப்ரவரி, மார்ச்சில் கீழைக்காற்று நீரை மேற்கே தள்ள, அந்தப் பக்கம் கடல்மட்டம் சற்று உயரும். காற்றின் பிடி எட்டாத ஆழத்தில் அந்த உயர்வே நீரைக் கிழக்கே ஓடவைக்கும். பசிபிக்கில் ஆழத்தில் இறக்கிய தூண்டில் கயிறுகள் மேலோட்டத்துக்கு எதிராகக் கிழக்கே போனதை வைத்து, 1952இல் கடலியலாளர் டவுன்செண்ட் கிராம்வெல் இத்தகைய அடியோட்டத்தைக் கண்டறிந்தார். நம் பெருங்கடலில் இந்த அடியோட்டம் பருவத்தோடு தோன்றி மறைகிறது. ஏப்ரல்–மேயிலும் அக்டோபர்–நவம்பரிலும் மேல்நீரே கிழக்கே பாயும். 1973இல் கடலியலாளர் கிளவுஸ் விர்ட்கி அந்த மேலோட்டத்தை விவரித்தார்.

இப்படி மாறும் கடலை, கடந்துபோகும் கப்பல் ஒருநாளில் அறிய முடியாது. கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவனம் 2000 முதல் நிலநடுக்கோட்டில் 77, 83, 93 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைகளையொட்டிக் கருவிகளை நிறுத்தி அளந்தது. கடலடியில் எடை, அதிலிருந்து எழும் கயிறு, அதை நிமிர்த்திப் பிடிக்கும் மிதவைகள், சில நூறு மீட்டர் ஆழத்தில் மேல்நோக்கிய ஒலிக்கருவி. அது அனுப்பும் ஒலி, நீரோடு நகரும் நுண்விலங்குகள் மேல் பட்டுத் திரும்பும். திரும்ப ஆகும் நேரம் ஆழத்தைச் சொல்லும். அதிர்வெண் மாற்றம் வேகத்தைச் சொல்லும். பிறகு ஒருநாள் கப்பலிலிருந்து ஒலிக்கட்டளை போகும். எடை கழன்று, கருவி பதிவுகளோடு மேலே வரும்.

ஐப்பசி வாக்கில் கிழக்கே பாயும் அந்த நீர் சுமத்ராப் பக்கம் வெப்பத்தைச் சேர்க்கிறது. அது மெலிந்தால் வெப்பம் மேற்கே தங்கி, மழையின் போக்கும் மாறலாம். ஐப்பசி மழையை நம்பி விதைக்கும் அரியலூரின் மானாவாரி விவசாயிக்கு அந்த ஆழத்துக் கணக்கில் பங்கு உண்டு. ஆண்டு விடாமல் அதை அளந்துகொண்டே இருக்க வேண்டும்.