இரண்டாவது எஞ்சினுக்கு யார் பணம் கட்டுவது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உப்பளத்தில் லோடு ஏற்றும் ஒரு அண்ணன் தன் மகளைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். கையில் விமானப் பயிற்சிப் பள்ளி ஒன்றின் பளபளப்பான நோட்டீஸ். "பிள்ளை பைலட்டுக்குப் படிக்கணுங்கா. நாளைக்குள்ள ரெண்டு லட்சம் கட்டுனா சீட்டு உறுதியாம். கட்டலாமான்னு நீ ஒரு வார்த்தை சொல்லும்மா."

எனக்கு முதலில் தோன்றியதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 'இதெல்லாம் நமக்கு எதுக்கு, நர்சிங் சேத்துவிடலாமே.' வாய்வரை வந்துவிட்டது. சமூகவியலில் முதுகலை படித்து, சாதி எப்படி மனதுக்குள் வேலை செய்கிறது என்று மேடையில் பேசுகிற எனக்குத்தான் அது வந்தது. அந்தப் பெண் பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்து நல்ல மதிப்பெண் வாங்கியவள். வாகைக்குளத்தில் இறங்கும் ஏடிஆர் விமானத்தைச் சின்ன வயதிலிருந்து அண்ணாந்து பார்த்தவள். "அக்கா, அதுக்கு ரெண்டு எஞ்சின். நான் மல்டி எஞ்சின் ரேட்டிங் வாங்கணும்" என்றாள். எனக்கு அந்தச் சொல்லே தெரியாது.

ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். நம் தெருக்களில் அடுத்து யாராவது கேட்டால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பெரும்பகுதி ஒற்றை எஞ்சின் விமானத்தில்தான். ஆனால் பயணிகள் விமான நிறுவனங்கள் ஓட்டுவது பெரும்பாலும் இரண்டு எஞ்சின் விமானங்கள். ஆகவே மல்டி எஞ்சின் ரேட்டிங்கும், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் இல்லாத லைசென்ஸை வைத்துக்கொண்டு அங்கே வேலை கேட்க முடியாது. இரண்டு எஞ்சின் இருந்தால் பத்திரம் என்று நாம் நினைப்போம். பறக்கும்போது ஒன்று நின்றுபோனால், ஓடுகிற எஞ்சின் விமானத்தை நின்றுபோன பக்கமாகத் திருப்பும். வேகம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் நேராக வைத்திருக்கவே முடியாது. எந்த எஞ்சின் செத்தது என்று கண்டுபிடித்து, எதிர்க்காலால் ரட்டரை அழுத்திப் பிடிக்கிற பழக்கம் உடம்பில் ஊற வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயிற்சி. இது பெரும்பாலும் கடைசியில் வரும், மணிக்கணக்கில் மிக அதிகமாகச் செலவு வைப்பதும் இதுதான்.

அந்த நோட்டீஸை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பெரிய எழுத்தில் மொத்தக் கட்டணம். பின்பக்கம், கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய அளவில்: மல்டி எஞ்சின் கட்டணம் தனி.

போன் போட்டேன். உங்களிடம் இரண்டு எஞ்சின் விமானம் எத்தனை இருக்கிறது? ஒன்று. இப்போது பறக்கிறதா? "சர்வீஸில் இருக்கு மேடம்." எப்போதிலிருந்து? பதில் இல்லை. முன்பணத்தைத் திருப்பித் தருவீர்களா? லைன் கட்.

அந்த ஒற்றை விமானம் பழுதாகி நிற்கிற மாதங்களில் பிள்ளை ஹாஸ்டலில் காத்திருக்கும். வாடகையும் சாப்பாட்டுச் செலவும் ஓடும். அது மட்டுமில்லை, லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும்போது அண்மைய மாதங்களில் பறந்த கணக்கும் காட்ட வேண்டும். தாமதமானால் பறந்ததையே மறுபடி காசு கட்டிப் பறக்க வேண்டிவரும். வசதியானவன் இன்னொரு பள்ளிக்குப் போய் மல்டி எஞ்சினை முடித்துக்கொள்வான். நம் பிள்ளை பாதி லைசென்ஸோடு திரும்பி வரும்.

இந்தக் கடற்கரைக்கு இது புதிய கதை இல்லை. கப்பலுக்கு அனுப்புகிறேன் என்று சொன்ன ஏஜென்டிடம் நகையை விற்றுக் கொடுத்தவர்களை நமக்குத் தெரியும். இப்போது டிஜி ஷிப்பிங் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்கும் அளவுக்குத் தெளிந்திருக்கிறோம். விமானத்துக்கு டிஜிசிஏ. அது 2025 அக்டோபரில் முதன்முறையாகப் பயிற்சிப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தியது. மேலே உள்ள இரண்டு தரத்திலும் ஒரு பள்ளிகூட வரவில்லை. 13 பள்ளிகள் பி, 22 பள்ளிகள் சி. நோட்டீஸில் எல்லாரும் நம்பர் ஒன். இதையெல்லாம் பார்ப்பதற்கு முன்னால், ஒரு ரூபாய்கூடக் கட்டாமல் டிஜிசிஏ பட்டியலில் உள்ள மருத்துவரிடம் கிளாஸ் 2 மெடிக்கலையும், அடுத்து கிளாஸ் 1-ஐயும் முடித்துவிட வேண்டும். கண்ணிலோ இதயத்திலோ குறை இருந்தால் பணம் கட்டிய பிறகு தெரிந்து பயனில்லை.

சரி, நல்ல பள்ளியே கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். உத்தரப் பிரதேசம் ஃபர்சத்கஞ்சில் இருக்கும் ஒன்றிய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமியில் நமக்கு இடஒதுக்கீடு உண்டு. கட்டணம் 45 லட்சம் அளவில். போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்புக்கான வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம். அந்த வரம்பில் இருக்கும் ஒரு குடும்பம் சாப்பிடாமல், உடுத்தாமல் 18 வருடம் சேர்த்தால் கட்டலாம். வங்கிக்குப் போனால் ஈடு கேட்பான். ஈடு வைக்க நமக்கு நிலம் எங்கே? பஞ்சமி நிலத்தைப் பற்றிப் பேசினால் 'பழைய கதை' என்கிறவர்கள் இங்கே கொஞ்சம் யோசிக்கட்டும்.

அந்த ஸ்காலர்ஷிப்பின் 2010 நெறிமுறைகளைத் தேடிப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதல் பிரிவில், மருத்துவம், பொறியியலோடு சேர்த்து, கமர்ஷியல் பைலட் லைசென்ஸும் இருக்கிறது. அடைப்புக்குறிக்குள் ஹெலிகாப்டரும் மல்டி எஞ்சின் ரேட்டிங்கும்கூட! பறக்கும் கட்டணத்தையும் சேர்த்துத் தர வேண்டும் என்றே எழுதியிருந்தார்கள். பத்து வருடமாக ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறேன். ஒரு அலுவலர்கூட இதை என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

தாட்கோ நம் பிள்ளைகளுக்கு விமானப் பணிப்பெண், விமான நிலையத் தரைப்பணி, சரக்குப் பிரிவு எனப் பயிற்சி தருகிறது. நல்லதுதான், வேலை கிடைக்கிறது. ஆனால் தரையில் நிற்கலாம், கேபினில் பரிமாறலாம், காக்பிட் கதவுக்கு அந்தப் பக்கம் மட்டும் திட்டம் இல்லை என்றால் அந்தக் கோட்டை யார் போட்டது? மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவின் பட்டியல் சாதி நலத்துறை 'விங்ஸ்' என்ற திட்டத்தில் மாணவர்களின் பைலட் பயிற்சிக்குப் பணம் கொடுத்திருக்கிறது. இங்கே வாகைக்குளத்தில் 1,350 மீட்டர் ஓடுபாதையை 3,000 மீட்டராக நீட்டி, 2025 ஜூலையில் புதிய முனையமும் திறந்தாயிற்று. கோவில்பட்டி ஓடுதளத்தில் பயிற்சிப் பள்ளி கொண்டுவர டிட்கோ முயல்கிறது. வந்தால் நம் மாவட்டத்தில், நம் தலைக்கு மேலேயே பயிற்சி விமானம் பறக்கும். அதில் எத்தனை இடம் நமக்கு, கட்டணத்தை எந்தத் துறை ஏற்கும் என்பதை ஒப்பந்தம் போடும்முன் கேட்க வேண்டும். போட்ட பிறகு கேட்டால் தனியார் நிறுவனம் என்பார்கள்.

அந்த அண்ணன் இரண்டு லட்சத்தைக் கட்டவில்லை. "அப்ப நர்சிங்தானாம்மா?" என்று கேட்டார். இல்லண்ணே, முதல்ல மெடிக்கல் என்றேன். கிளாஸ் 2-க்கு அவளோடு நானும் போகிறேன். கடந்த பத்து ஆண்டுகளில் தமிழ்நாட்டில் எத்தனை பட்டியல் சாதி மாணவர்களுக்குப் பைலட் பயிற்சிக்காக போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் வழங்கப்பட்டது, மல்டி எஞ்சின் கட்டணம் அதில் சேர்க்கப்பட்டதா என்று இரண்டு கேள்விகளோடு தகவல் உரிமைச் சட்ட மனு ஒன்றைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். மனுவை எழுதியது அவள்தான். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.