வாடகை இல்லாத வீடு... ஆனால் செலவு? மோட்டார்ஹோம் வாழ்க்கைக்குப் பாலைவன ஊர் சொல்லும் கணக்கு!

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் க்வார்ட்ஸைட் என்றொரு சின்ன ஊர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே வசிப்பவர்கள் 2,413 பேர்தான். ஜூலை மாதம் போனால் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் கொளுத்தும். தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. அதே ஊருக்கு ஜனவரியில் போனால் நம்பவே முடியாது. ஊரைச் சுற்றியுள்ள பாலைவனத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வண்டிகள் நிற்கும். சில பஸ் அளவுக்குப் பெரியவை, சில பழைய வேன்கள். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் வீடு.

நமக்குக் 'கேரவன்' என்றால் ஷூட்டிங்கில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் சாதாரண மக்களே இப்படிப்பட்ட வண்டியை வாங்கிக் குடித்தனம் நடத்துகிறார்கள். படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். இன்ஜினும் சேர்ந்தே இருந்தால் அது மோட்டார்ஹோம். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, வருடம் முழுக்க அதிலேயே வாழ்வதைத்தான் அங்கே 'ஃபுல்டைம்' என்கிறார்கள்.

கேட்க ஜாலியாகத்தான் இருக்கிறது. ஆனால், குறைந்த பணத்தில் இப்படி வாழ முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை தேட க்வார்ட்ஸைட்டை விடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கஷ்டம்.

ஒட்டகக்காரரின் ஊர்

இந்த ஊரின் கல்லறைத் தோட்டத்தில் கற்களால் கட்டிய ஒரு சிறிய பிரமிடு இருக்கிறது. அதன் உச்சியில் ஒட்டக உருவம். அங்கே உறங்குபவர் ஹாஜி அலி. 1850-களில் அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் சுமை தூக்க ஒட்டகங்களைப் பழக்கிப் பார்த்தது. அவற்றை ஓட்டுவதற்காக மத்திய கிழக்கிலிருந்து வரவழைக்கப்பட்டவர்களில் இவரும் ஒருவர். அமெரிக்கர்களின் வாயில் இவர் பெயர் 'ஹை ஜாலி' ஆகிவிட்டது. அந்தத் திட்டம் கைவிடப்பட்ட பிறகும் அவர் ஊர் திரும்பவில்லை. 1902-ல் இந்தப் பகுதியிலேயே இறந்தார்.

இன்று அதே மண்ணில், தண்ணீரையும் உணவையும் தாங்களே சுமந்துகொண்டு வந்து நிற்கின்றன மோட்டார்ஹோம்கள்.

நிறுத்த இடம்... அதுதான் முதல் கணக்கு

இவ்வளவு பேர் இங்கே கூடுவதற்கு முக்கியக் காரணம், நிலம். ஊரைச் சுற்றியுள்ள பாலைவனத்தின் பெரும்பகுதி மத்திய அரசுக்குச் சொந்தம். அதைக் கவனிப்பது பி.எல்.எம். எனப்படும் நில நிர்வாகத் துறை. ஊருக்கு அருகே இந்தத் துறையின் சில இடங்களில் 14 நாள்வரை இலவசமாகவே தங்கலாம். அதன்பிறகு குறைந்தது 25 மைல், அதாவது 40 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட வேண்டும்.

நகராமல் இருக்க விரும்புபவர்களுக்கு, ஊருக்குத் தெற்கே லா போசா என்ற நீண்டகாலத் தங்குமிடம் இருக்கிறது. பரப்பளவு சுமார் 11,400 ஏக்கர். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதங்களுக்கு அங்கே பல ஆண்டுகளாக வசூலித்துவந்த கட்டணம் 180 டாலர். மாதத்துக்குப் பார்த்தால் 26 டாலர்கூட வராது. குடிநீர், குப்பைத்தொட்டி, கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்யும் இடம் எல்லாம் இதில் அடக்கம். மின்சார இணைப்பு கிடையாது. கட்டணம் மாறக்கூடும் என்பதால், கிளம்பும் முன் அந்த சீசனின் தொகையை விசாரித்துக்கொள்வது நல்லது.

இதே வண்டியை மின்சாரம், குடிநீர்க் குழாய் உள்ள தனியார் ஆர்.வி. பார்க்கில் நிறுத்தினால்? ஓரிரவுக்கு 40 டாலர் என்று வைத்துக்கொண்டாலே மாதம் 1,200 டாலர். வீட்டு வாடகையிலிருந்து தப்பித்து, வண்டி வாடகையில் மாட்டிக்கொண்ட கதையாகிவிடும்.

62 வயது நிறைந்தவர்களுக்கு இன்னொரு சலுகை உண்டு. 80 டாலர் செலுத்தி ஆயுள்கால சீனியர் பாஸ் வாங்கினால், தேசியப் பூங்காக்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. மத்திய அரசின் பல முகாம்களில் கட்டணமும் பாதிதான். குடியுரிமை உள்ளவர்களோடு, கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் இதை வாங்கலாம். பிள்ளைகளோடு அங்கேயே குடியேறிவிட்ட நம்மூர்ப் பெற்றோர் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய தகவல் இது.

நகரத்துக்குள் நிறுத்துவதுதான் சிக்கல். பொது இடங்களில் படுத்துறங்குவதற்குத் தடை விதித்து, மீறுபவர்களைத் தண்டிக்கும் அதிகாரம் நகராட்சிகளுக்கு உண்டு என்று 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்டியிலேயே இரவைக் கழிப்பவர்களையும் பல நகரங்கள் விரட்டுகின்றன. சில வால்மார்ட் கடைகளின் வாகன நிறுத்துமிடத்தில் ஓரிரவு தங்க விடுவார்கள். அதுவும் ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். மேனேஜரைக் கேட்டுவிட்டு நிறுத்துவதே மரியாதை.

ஓடினால் செலவு... நின்றால் சேமிப்பு!

பலரும் கோட்டை விடுவது எரிபொருள் கணக்கில்தான். நடுத்தர மோட்டார்ஹோம் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடினாலே பெரிய விஷயம். 3.8 லிட்டர் கொண்ட ஒரு கேலன் பெட்ரோல் 3.50 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 3,000 கிலோமீட்டர் சுற்றினால் பெட்ரோலுக்கு மட்டும் ஏறக்குறைய 690 டாலர் ஆகும். அதே வண்டி மாதம் 500 கிலோமீட்டர் மட்டும் நகர்ந்தால் 115 டாலர்.

'ஊர் சுற்ற வண்டி வாங்கினோம்' என்று தினமும் ஓட்டுபவர்களின் சேமிப்பு சீக்கிரம் கரைகிறது. நல்ல இடமாகப் பார்த்து, அனுமதிக்கும் நாள்வரை நிற்பவர்களே நீண்ட காலம் தாக்குப்பிடிக்கிறார்கள். அதனால், ஃபுல்டைம் வாழ்க்கை என்பது உண்மையில் வருடத்துக்கு இரண்டு, மூன்று பெரிய நகர்வுகள்தான். குளிர்காலத்தில் அரிசோனா பாலைவனம். வெயில் ஏறியதும் அதே மாநிலத்தில் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஃப்ளாக்ஸ்டாஃப் போன்ற மலைப்பகுதிகள். நம்மூரில் கோடைக்குக் கொடைக்கானல் போவதைப் போலத்தான். ஆனால், இவர்கள் வீட்டையே கூடக் கொண்டுபோகிறார்கள்.

தண்ணீரிலும் இதே கணக்குதான். 150 லிட்டர் நல்ல தண்ணீர்த் தொட்டி உள்ள வண்டியில் இரண்டு பேர் இருந்தால், ஆளுக்குத் தினம் 10 லிட்டர் செலவழித்தால்தான் ஒரு வாரம் வரும். குளிப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அதற்குள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இங்கே ஆறே கிடையாது, அளந்துதான் ஆக வேண்டும். கூரையில் 400 வாட் சோலார் தகடு போட்டால் விளக்கு, போன், லேப்டாப், சிறிய ஃபிரிட்ஜுக்குப் போதும். ஏ.சி-யை நாள் முழுக்க ஓட்ட அது போதாது. அதனால்தான் வெயில் வந்தால் வண்டியை மலைக்கு நகர்த்துகிறார்கள்.

பழைய வண்டி வாங்குகிறீர்களா?

பட்ஜெட்காரர்கள் பெரும்பாலும் வாங்குவது பழைய வண்டியைத்தான். புது மோட்டார்ஹோமின் மதிப்பு முதல் சில வருடங்களிலேயே வேகமாகச் சரிந்துவிடும் என்பதால், அது புத்திசாலித்தனமும்கூட. பார்க்க வேண்டியவை இரண்டு.

முதலில் கூரை. மழைநீர் கசிந்தால் சுவருக்குள் இருக்கும் மரச்சட்டங்கள் உளுத்துப்போகும். வெளியே பளபளப்பாகத் தெரியும். அலமாரி மூலைகளிலும் ஜன்னல் ஓரங்களிலும் கை வைத்து அழுத்திப் பார்த்தால், மெத்தென்று உள்ளே போகும். அப்படி இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

அடுத்தது டயர். இத்தகைய வண்டிகள் நின்றுகொண்டே இருப்பதால் டயரின் பட்டை தேயாமல் புதிதுபோல் இருக்கும். ஆனால், ரப்பருக்கு வயதாகிவிட்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது என்று அர்த்தம். ஆறேழு வருடம் தாண்டிய டயர்களை மாற்றிவிடுவது பாதுகாப்பு.

அவசரச் செலவுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குவதும் கட்டாயம். சாதாரண கார் பழுதானால் மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். மோட்டார்ஹோம் பழுதானால் வீடே மெக்கானிக் ஷெட்டில் நிற்கும். ரிப்பேர் பில் ஒருபக்கம், அத்தனை நாளுக்கும் ஓட்டல் வாடகை இன்னொரு பக்கம்.

முகவரி எங்கே?

சக்கரத்தில் வீடு இருந்தால் கதவு எண் இருக்காது. ஆனால் ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவு, இன்ஷூரன்ஸ், வங்கிக் கணக்கு, வாக்காளர் பட்டியல் எல்லாமே முகவரி கேட்கும். இதற்காகப் பலர் தேர்ந்தெடுக்கும் மாநிலங்கள் தெற்கு டகோட்டா, டெக்சாஸ், ஃப்ளோரிடா. மூன்றிலும் மாநில வருமான வரி இல்லை. தெற்கு டகோட்டாவில், அந்த மாநிலத்தில் ஓரிரவு தங்கிய ரசீதும், தபாலை வாங்கி அனுப்பும் நிறுவனத்தின் முகவரியும் இருந்தால் ஓட்டுநர் உரிமம் பெற வழி உண்டு. ஆனால், வாக்காளராகப் பதிவு செய்ய 30 நாள் அங்கே வசித்திருக்க வேண்டும் என்று 2023-ல் அந்த மாநிலம் சட்டம் கொண்டுவந்தது. உரிமம் கிடைத்தாலும் ஓட்டுரிமை கேள்விக்குறியாகும் நிலை இது.

மருத்துவம் அதைவிட முக்கியம். 65 வயதைக் கடந்தவர்களுக்கான அரசின் மெடிகேர் திட்டத்தில், அரசே நேரடியாக நடத்தும் பிரிவை நாடு முழுக்கப் பெரும்பாலான மருத்துவர்கள் ஏற்கிறார்கள். தனியார் நிறுவனங்கள் வழியாக வரும் அட்வான்டேஜ் திட்டங்கள் பெரும்பாலும் குறிப்பிட்ட பகுதி மருத்துவமனைகளோடு நின்றுவிடும். ஊர் ஊராகச் செல்பவருக்கு இந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்னை.

ஒரே பாலைவனம், இரண்டு வாழ்க்கை

க்வார்ட்ஸைட்டில் நிற்கும் வண்டிகளைப் பார்த்து எல்லோரையும் ஒரே தட்டில் வைத்துவிட முடியாது. வடக்கு மாநிலங்களிலும் கனடாவிலும் சொந்த வீடு இருக்க, பனிக்குப் பயந்து இங்கே வருபவர்கள் ஒரு பக்கம். 'பனிப்பறவைகள்' என்று இவர்களுக்குப் பட்டப்பெயரே உண்டு. இன்னொரு பக்கம், ஓய்வூதியத்தில் வீட்டு வாடகை கட்ட முடியாமல் வண்டிக்குள் வந்தவர்கள்.

இந்த இரண்டாவது கூட்டத்துக்கு வழிகாட்டியாக அறியப்படுபவர் பாப் வெல்ஸ். 1995-ல் விவாகரத்துக்குப் பிறகு வாடகை கட்ட முடியாமல் வேனில் வாழத் தொடங்கியவர். 2010 முதல் க்வார்ட்ஸைட் பகுதியில் வண்டிவாசிகளின் குளிர்காலச் சந்திப்பை நடத்தினார். சோலார் மாட்டுவது, கழிவை அகற்றுவது, போலீஸ் கதவைத் தட்டினால் எப்படிப் பேசுவது என எல்லாவற்றுக்கும் அங்கே பாடம் உண்டு. ஜெசிகா ப்ரூடர் 2017-ல் எழுதிய 'நோமேட்லேண்ட்' புத்தகமும், சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வென்ற அதன் திரைவடிவமும் இவர்களின் கதைதான். படத்தில் பாப் வெல்ஸ் அவராகவே தோன்றினார்.

இவர்களில் பலர் வேலையும் செய்கிறார்கள். முகாம்களைக் கவனித்துக்கொண்டால் வண்டி நிறுத்த இலவச இடம் கிடைக்கும். வடக்கு டகோட்டா, மின்னசோட்டா பகுதியில் இலையுதிர்காலத்தில் சர்க்கரைக்கிழங்கு அறுவடை நடக்கும். 12 மணி நேர ஷிஃப்ட். சில வாரங்களில் கையில் ஒரு தொகை சேரும். ஆனால், அறுபதைத் தாண்டிய உடம்பு அதற்கு எத்தனை வருடம் ஒத்துழைக்கும்?

இறங்கும் நாளுக்கும் திட்டம் வேண்டும்

வண்டியில் ஏறுவதற்குத் திட்டம் போடும் பலர், இறங்குவதற்குப் போடுவதில்லை. கண் மங்கலாம், முழங்கால் மடக்க முடியாமல் போகலாம். ஸ்டீயரிங் பிடிக்க முடியாத நாள் எல்லோருக்கும் வரும்.

இதை முன்பே யோசித்த அமைப்பு ஒன்று உண்டு. 1978-ல் தொடங்கிய எஸ்கேப்பீஸ் என்ற ஆர்.வி. சங்கம், டெக்சாஸின் லிவிங்ஸ்டனில் ஒரு பராமரிப்பு மையத்தை உருவாக்கியது. வண்டியை ஓட்ட முடியாத முதியவர்கள், தங்கள் வண்டியிலேயே அங்கே குடியிருந்து, உணவும் உதவியும் பெறலாம் என்பதுதான் ஏற்பாடு. பழகிய வீட்டை விட்டுப் பிரிய வேண்டியதில்லை.

அப்படி ஓர் இடம் எல்லோருக்கும் அமையாது. எனவே, மோட்டார்ஹோம் பட்ஜெட் போடுபவர்கள் பெட்ரோல், சாப்பாடு, இன்ஷூரன்ஸ் வரிசையில் இன்னொரு வரியையும் எழுத வேண்டும். திரும்பி வந்து ஒரு சிறிய வீட்டுக்கு முன்பணமும் சில மாத வாடகையும் கொடுக்கத் தேவையான தொகை அது. அந்தப் பணத்தைத் தனியாக எடுத்துவைத்த பிறகும் கணக்கு இடிக்கவில்லை என்றால், தாராளமாகக் கிளம்பலாம். அதைத் தொட்டுத்தான் வண்டி வாங்க வேண்டும் என்றால், வண்டியின் விலையைக் குறைக்க வேண்டுமே தவிர, அந்த வரியை அடிக்கக் கூடாது.